தினமும் காற்று இறங்குகிறதா? சக்கரத்தின் விளிம்பைப் பாருங்கள்!



கடைக்கு முதல் போடுகிறோம். சரக்குக்குக் காப்பீடு செய்கிறோம். தராசுக்குத் தவறாமல் முத்திரை வைக்கிறோம். ஆனால் மண்டியிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கும் சரக்கைச் சுமந்து செல்லும் இரு சக்கர வண்டியை நம்மில் எத்தனை பேர் கணக்கில் வைத்திருக்கிறோம்? பெட்ரோல் போடுவதோடு அதன் நினைப்பு முடிந்துவிடுகிறது.

1980-ஆம் ஆண்டில் டிவிஎஸ் 50 வெளிவந்த பிறகு, சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டிய காலம் மாறியது. அரிசிச் சிப்பமும், எண்ணெய் டின்னும், உப்பு மூட்டையும் இன்று இரு சக்கர வண்டியில்தான் ஊருக்குள் போகின்றன. சிறிய மளிகைக் கடைக்கு அதுதான் லாரி. அந்த வண்டியின் சக்கரத்தில் கடற்கரை ஊர் வியாபாரிகளுக்கு அடிக்கடி வரும் ஒரு தொல்லையைப் பற்றியும், அதைச் சரி செய்யும் முறைகளைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். தூத்துக்குடிப் பக்கம் நாற்பது வருடத்துக்கு மேல் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன் நான். மெக்கானிக் அல்ல. ஆனால் உப்பு எதை எதை அரிக்கும் என்பதை உப்பு வியாபாரியிடம்தான் கேட்க வேண்டும்.

பஞ்சர் இல்லை, ஆனாலும் காற்று நிற்பதில்லை

இரவு கடையைச் சாத்தும்போது டயரில் காற்று இருக்கிறது. காலையில் பார்த்தால் பாதி இறங்கியிருக்கிறது. பஞ்சர் கடையில் காட்டினால், "ஆணி எதுவும் இல்லை அண்ணாச்சி, வால்வும் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக் காற்றைப் பிடித்து அனுப்புகிறார்கள். மறுநாள் காலை மீண்டும் அதே கதை.

நல்ல டயரிலும் காற்று கொஞ்சம் குறையத்தான் செய்யும். ரப்பர் வழியாகவே மாதத்துக்கு ஓரிரு பவுண்டு காற்று குறைவது இயல்பு. வாரத்தில் ஐந்தாறு பவுண்டு குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். டயரில் ஓட்டை இல்லை, வால்விலும் இல்லை என்றால், அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது ரிம்மை. ரிம் அரித்துப் போயிருந்தால் டயர் புதிதாக இருந்தாலும் காற்று நிற்காது.

உப்பு செய்யும் வேலை

இன்றைய வண்டிகளில் இரண்டு வகைச் சக்கரங்கள் உண்டு. ஒன்று போக்ஸ் கம்பி போட்ட இரும்பு ரிம். இதற்குள் டியூப் இருக்கும். மற்றொன்று அலுமினியக் கலவையில் வார்த்த அலாய் வீல். இதில் பெரும்பாலும் டியூப்லெஸ் டயர் போட்டிருப்பார்கள். அரிப்பு இரண்டிலும் வரும். வரும் விதம்தான் வேறு.

இரும்பு துருப்பிடிப்பது நாம் அறிந்ததே. அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பலருடைய எண்ணம். அது பாதி உண்மை. அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் தானாகவே உண்டாகி அதைக் காப்பாற்றுகிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்துவிடும். உடைந்த இடத்தில் சிறு குழி விழுந்து, வெள்ளைப் பொடி பூக்கும். நம் வீட்டுப் பெண்கள் ஊறுகாயை அலுமினியப் பாத்திரத்தில் வைக்காமல் பீங்கான் ஜாடியில் வைப்பதற்குக் காரணம் இதுதான். உப்பும் புளிப்பும் சேர்ந்தால் அலுமினியம் குழி விழும் என்று அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள்.

டியூப்லெஸ் டயரில் காற்றை நிறுத்துவது எது? டயரின் ஓரத்தில், உள்ளே எஃகுக் கம்பி வைத்த தடித்த விளிம்பு உண்டு. மெக்கானிக்குகள் இதைப் பீடு என்பார்கள். இந்தப் பீடு ரிம்மின் ஓரத்தில் இறுக்கமாகப் பதிந்து உட்கார்ந்தால்தான் காற்று நிற்கும். அந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்தால், அது தின்ற அலுமினியத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயிண்ட் கொப்பளித்துத் தூக்கும். ரப்பர் சரியாகப் பதியாது. மயிரிழை அளவு வழி கிடைத்தாலும் காற்று இரவு முழுக்க வெளியேறிக்கொண்டே இருக்கும்.

இனி நம் சரக்கைப் பாருங்கள். கல் உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் உப்பு மூட்டை கசிகிறது. கசிந்த உப்பு நீர் கேரியரிலிருந்து பின் சக்கரத்தில் சொட்டுகிறது. கருவாட்டு மூட்டை, ஊறுகாய் டின், புளிச் சிப்பம், பிளீச்சிங் பவுடர், கழிவறை ஆசிட் என்று சக்கரத்துக்கு ஆகாத சரக்குகள் எல்லாமே நம் கடையில்தான் இருக்கின்றன. கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஆகவே மளிகைக் கடை வண்டிக்கு அரிப்பு மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரம் வரும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. பல தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. அப்படி மூழ்கிய வண்டிகளில் எஞ்சினைச் சரி செய்தார்கள், பிரேக்கைச் சரி செய்தார்கள். டயரைக் கழற்றி ரிம்மைத் துடைத்தவர்கள் குறைவு. டயருக்குள்ளும் போக்ஸ் துவாரங்களிலும் தங்கிய சேறும் ஈரமும் உடனே தெரியாது. மாதங்கள் கழித்துத்தான் காற்று இறங்கத் தொடங்கும்.

பழி யார் மேல்?

என்னிடம் சரக்கெடுக்கும் ஒரு சில்லறை வியாபாரி, கடற்கரையை ஒட்டிய ஊரில் கடை வைத்திருப்பவர், ஒரு நாள் மிகுந்த வருத்தத்தோடு வந்தார். "வீட்டுக்குச் சரக்குக் கொண்டு போகிற பையன் வேலையிலிருந்து நழுவுகிறான், அண்ணாச்சி. பஞ்சர், பஞ்சர் என்று சொல்லி தினமும் அரை மணி நேரம் போய்விடுகிறான். அவனே காற்றைத் திறந்து விடுகிறானோ என்று சந்தேகமாக இருக்கிறது. சம்பளத்தில் பிடித்தால்தான் புத்தி வரும்" என்றார்.

"பிடிப்பதற்கு முன்னால் டயரைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்" என்றேன். எங்கள் மண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு டயர் கடை. அங்கே வண்டியைக் கொண்டு வரச் சொல்லிப் பின் சக்கரத்தைக் கழற்றினோம். ரிம்மின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாகப் பூத்து, பெயிண்ட் அப்பளம் போல் எழும்பி நின்றது. உப்பு மூட்டையை அந்தப் பக்கமாகத்தான் கட்டுவார்களாம். பையன் ஒன்றும் பேசாமல் நின்றான். வியாபாரியும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவரே, "தம்பி, மனசில் வைத்துக்கொள்ளாதே" என்றார்.

அந்தப் பையன் அரைக் காற்றில், பின்னால் 50 கிலோவைக் கட்டிக்கொண்டு, நெடுஞ்சாலை ஓரமாகப் பல நாள் போயிருக்கிறான். காற்றுக் குறைந்த டயர் வளைவில் நெளியும், பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், பக்கச் சுவர் சூடேறி வெடிக்கவும் கூடும். சம்பளத்தில் பிடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். உண்மையில் பணயமாக இருந்தது ஒரு குடும்பத்துப் பிள்ளையின் உயிர்.

கசிவைக் கண்டுபிடிக்கும் முறை

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீரில் சோப்பைக் கரைத்து, பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டயரில் கம்பெனி சொன்ன அளவு காற்றைப் பிடித்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கீழே சொன்ன வரிசையில் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள்.

முதலில் வால்வு வாய். குமிழி வந்தால் உள்ளேயுள்ள வால்வு பின்னை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். செலவு மிகக் குறைவு.

இரண்டாவதாக வால்வின் அடிப்பாகம். அதை லேசாக அசைத்துப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் அசைக்கும்போது குமிழி வரும்.

மூன்றாவதாக டயர் தரையில் படும் பகுதி. சக்கரத்தை மெதுவாகச் சுற்றி முழுவதும் பார்க்க வேண்டும்.

நான்காவதாக டயரும் ரிம்மும் சேரும் ஓரம், இரண்டு பக்கமும். இங்கேதான் பொறுமை வேண்டும். ஆணிக் குத்து உடனே குமிழியிடும். அரிப்புக் கசிவு பால் நுரை போலச் சின்னச் சின்னதாக, சில நிமிடம் கழித்துத்தான் பூக்கும். குமிழி வந்த இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்து வையுங்கள்.

ஐந்தாவதாக, அலாய் வீலின் உடல் பகுதி. பள்ளத்தில் இடித்த வண்டிகளில் மெல்லிய விரிசல் இருக்கலாம்.

காற்றின் அளவைக் காலையில், வண்டியை ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். ஓடிய டயரில் சூட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். பின் சக்கரத்துக்குச் சுமையோடு எவ்வளவு, சுமையில்லாமல் எவ்வளவு என்று வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். பலர் அந்தப் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை.

டியூப் உள்ள இரும்பு ரிம்முக்கு

டியூப் பஞ்சரானால், ஒட்டுவதற்கு முன் ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சாலைப் பக்கம் இருந்தால் ஆணியோ முள்ளோ குத்தியிருக்கும். ரிம் பக்கம் இருந்தால் குற்றவாளி உள்ளே இருக்கிறான். துருச் செதிலோ, நீட்டிக்கொண்டிருக்கும் போக்ஸ் கம்பி முனையோ டியூபை உராய்ந்திருக்கும். இதைக் கவனிக்காமல் ஒட்டுப் போட்டுக்கொண்டே போனால், ஒரே டியூபில் பத்து ஒட்டு விழும்.

செய்ய வேண்டியது: டயரை முழுவதும் கழற்றி, ரிம்மின் உட்புறத் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு உப்புத்தாள் போட்டு மழமழப்பாக்க வேண்டும். நீண்டிருக்கும் போக்ஸ் முனைகளை அரத்தால் தேய்க்க வேண்டும். துருத் தடுப்பு பிரைமர் ஒரு கை அடித்து நன்றாகக் காய விட வேண்டும். அதன் மேல் புதிய ரப்பர் ரிம் டேப் போட்டுத்தான் டியூபை ஏற்ற வேண்டும். பழைய டேப்பையே திருப்பிப் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய சேதக் போன்ற ஸ்கூட்டர்களை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றின் ரிம் இரண்டு பாதிகளை நட்டுப் போட்டுச் சேர்த்தது. காற்றை முழுவதும் இறக்காமல் அந்த நட்டுகளைத் தொடவே கூடாது. துருப்பிடித்த ரிம் உள்ளிருக்கும் காற்றின் வேகத்தில் தெறித்து முகத்தில் அடிக்கும்.

அலாய் வீலுக்கு

அலாய் வீலில் ஓரக் கசிவு என்று உறுதியானால், டயரை இயந்திரத்தில் கழற்றும் கடைக்குக் கொண்டு போங்கள். கடப்பாரை போன்ற லிவரை வைத்து நெம்பினால் ரிம்மின் பெயிண்ட் பெயரும். பெயர்ந்த இடத்தில் அடுத்த அரிப்பு தொடங்கும்.

டயர் கழன்ற பின், பீடு உட்காரும் இடத்தை இரண்டு ஓரத்திலும் சுற்றிப் பார்க்க வேண்டும். எழும்பிய பெயிண்டையும் வெள்ளைப் பொடியையும் கையால் தேய்த்து எடுக்க வேண்டும். முதலில் 120 எண் தாள், பிறகு 240, கடைசியில் 400 என்று படிப்படியாகத் தேய்த்தால் வழவழப்பு வரும். பொடி போக வேண்டும், உலோகம் போகக் கூடாது. அதிகம் தேய்த்து ரிம்மின் அளவு குறைந்தால் டயர் தளர்ந்துவிடும். இரும்புக் கம்பி பிரஷை அலுமினியத்தில் போடாதீர்கள். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, உப்பு நீர் பட்டவுடன் அரிப்பை அதுவே தூண்டும்.

பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்து, அலுமினியத்துக்கென்று விற்கும் பிரைமரையும் பெயிண்டையும் மெல்லியதாக அடிக்க வேண்டும். தடித்த பூச்சு வேண்டாம். ஒரு நாள் முழுவதும் காயட்டும். டயரின் பீடிலும் பழைய அழுக்கும் பொடியும் ஒட்டியிருக்கும். அதையும் துடைக்க வேண்டும். சிறு குழிகள் இருந்தால், டயர் கடைகளில் கிடைக்கும் பீடு சீலர் என்ற கறுப்புப் பசையைத் தடவி டயரை ஏற்றலாம். வால்வு பழையதானால் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுவது சிக்கனம். அதற்காக மட்டும் பின்னொரு நாள் டயரைக் கழற்ற வேண்டாம் அல்லவா?

காற்றைப் பிடித்ததும் மறுபடி சோப்பு நீர்ச் சோதனை. ஒரு இரவு வைத்து, காலையில் அளவு பார்த்த பிறகுதான் சுமை ஏற்ற வேண்டும்.

செய்யக் கூடாதவை

ஓரக் கசிவுக்கு டியூப்லெஸ் டயருக்குள் ஒரு டியூபைப் போட்டு அனுப்புவது சிலர் வழக்கம். அவசரத்துக்கு வீடு வந்து சேர அது உதவலாம். அதையே நிரந்தரமாக்கினால், அரித்த சொரசொரப்பு டியூபைத் தின்னும். டியூப்லெஸ்ஸில் ஆணி குத்தினால் காற்று மெதுவாக இறங்கும். டியூபில் ஒரேயடியாக இறங்கிவிடும். சுமை வண்டிக்கு அது ஆபத்து.

டயருக்குள் ஊற்றும் திரவ மருந்து ஆணித் துவாரத்துக்குப் பயன்படும். ஓரக் கசிவை அது நம்பும்படி அடைப்பதில்லை. உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது.

பீடில் எண்ணெய், கிரீஸ் தடவி டயர் ஏற்றக் கூடாது. ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். சோப்பு நீரோ அதற்கென்ற பசையோ போதும்.

மிக முக்கியமானது: சலவைச் சோடா, காஸ்டிக் சோடா, கழிவறை ஆசிட் போட்டு அலாய் வீலைக் கழுவாதீர்கள். கடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பையன்கள் எடுத்துப் போட்டுவிடுவார்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சோடாவில் ஊற வைத்தால் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்துக்கும் அதே கதிதான்.

எப்போது மாற்ற வேண்டும்?

விரிசல் இருந்தால் மாற்றுங்கள். பற்ற வைத்துத் தருகிறேன் என்று சொல்பவரை நம்பி அதில் சுமை ஏற்றாதீர்கள். ரிம்மின் ஓரம் வளைந்திருந்தாலும், நகம் உள்ளே இறங்கும் அளவு குழி பல இடங்களில் இருந்தாலும், ஒரு முறை சுத்தம் செய்து சில மாதத்திலேயே மீண்டும் கசிந்தாலும் புதிய ரிம்தான் வழி. இரும்பு ரிம்மில் போக்ஸ் துவாரத்தைச் சுற்றித் துரு தின்று ஓட்டை பெரிதானாலும் அப்படியே. பழைய இரும்புக் கடையில் வாங்கும் ரிம் மலிவாக இருக்கும். அதே அரிப்பு அதிலும் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

டயரின் வயதையும் அப்போதே பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ரப்பர் காய்ந்து வெடித்த பழைய டயரைப் புதிய ரிம்மில் ஏற்றுவது வீண்.

வராமல் காப்பது

உப்பு மூட்டையின் அடியில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைக் கட்டுங்கள். அதன் ஓரம் சக்கரத்துக்கு வெளியே தொங்கட்டும். உப்பும் கருவாடும் ஏற்றிய நாளில், இரவு வண்டியை நிறுத்துமுன் இரண்டு வாளி நல்ல தண்ணீர் சக்கரத்தில் ஊற்றச் சொல்லுங்கள். கிணற்று நீர் உப்பாக இருந்தால் அது பயன்படாது. உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு முறை, கடை திறக்கும் முன், காற்றின் அளவைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். டயர் மாற்றும்போதெல்லாம் ரிம்மின் உட்புறத்தைக் காட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

ஒரு சிறு கணக்கு

நாளொன்றுக்குக் காற்றுப் பிடிக்கப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 வேலை நாளில் 3,000 ரூபாய். அரை மணி நேரம் என்றால் 150 மணி நேர வேலை போகிறது. காற்றுக் குறைந்த டயர் ஓரம் தேய்ந்து சீக்கிரம் மாற்ற வேண்டி வரும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். இது அசலைத் தீர்க்காமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருப்பதற்குச் சமம். அந்தத் தவறைக் கடன் கணக்கில் செய்யாத வியாபாரி, வண்டிக் கணக்கில் மட்டும் ஏன் செய்ய வேண்டும்?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பார்கள். உப்பைச் சுமக்கும் வண்டிக்கும் அது பொருந்தும். இரண்டு வாளி நல்ல தண்ணீர் அதற்குக் கிடைக்கட்டும். இந்த வாரமே சோப்பு நீரும் பிரஷுமாக உங்கள் வண்டியின் பின் சக்கரத்தைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். அதை ஓட்டிப் போகும் தம்பியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பாருங்கள். அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.